துப்பாக்கிக்கு வீடு பார்த்த கதை

1

இன்று ஆயுத பூசை. எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் ஆயுதங்கள்: அரிவாள்மணை, என் பழைய பேனா, திலகத்தின் கத்தரிக்கோல், ஒரு விளக்குமாறு. விளக்குமாற்றை வைத்தது நான். இந்த வீட்டில் நிஜமாகவே ஆள்மேல் பட்டிருக்கிற ஆயுதம் அது ஒன்றுதான் என்று சொல்லிப் பார்த்தேன். மீனாட்சி, என் மனைவி, சிரித்தாள். மகள் திலகம் சிரிக்கவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த துணியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போன வருஷம் இதே நாள் இதே இடத்தில் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி நின்றது. அதைப் பூட்டி வைக்க வாங்கிய ஆளுயர இரும்புப் பெட்டி பக்கத்தில் நின்றது. துப்பாக்கி வீட்டைக் காக்க, பெட்டி துப்பாக்கியைக் காக்க என்பது என் ஏற்பாடு. இரண்டும் கூடிக்கொண்டு என் மகள் கழுத்தில் நாலு விரல் நீளத்துக்குக் கோடு போட்டுவிட்டன. ஊரிலிருந்து ஒவ்வொருவராக "ரங்கூனில் சௌக்கியமா?" என்று கேட்டு எழுதுகிறீர்கள். எல்லோருக்குமாகச் சேர்த்து இதோ எழுதிவிடுகிறேன்.

2

ரங்கூனில் கெமண்டைன் பேட்டையில், ஆற்றோரத்து அரிசி ஆலை ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். கப்பலிறங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதில் இருபத்தோரு வருஷம் எனக்கு வீரம் தேவைப்படவில்லை. பிறகு ஒரு பகல் பதினொரு மணிக்கு எங்கள் டைம் கீப்பரை வெட்டினார்கள்.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒருவன், 'தா' என்று இங்கே சொல்லும் நீளக் கத்தியோடு படகுத் துறைக்கு வந்தான். டைம் கீப்பர் கையை உயர்த்தித் தடுத்தார். கை மணிக்கட்டோடு கழன்று பலகைமேல் விழுந்தது. விரல்கள் பென்சிலை விடவில்லை. மனிதர் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு, "அதை எடுங்கப்பா, அதை எடுங்க" என்றார். அடுத்த வெட்டு தோளில் இறங்கியது. பலகை இடுக்கு வழியாக ரத்தம் ஆற்றில் சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

எப்படிக் கேட்டது என்றால், நான் அவ்வளவு சத்தமில்லாமல் நின்றேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவே நானும் ஒரு மூட்டையாகிவிட்டேன். எல்லாம் முடிந்து போலீஸ் வந்தபோது ஒரு கூலியாள் என் முதுகில் கொக்கியை மாட்டப் போனான் என்று ஆலையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தக் கதையைக் கட்டிவிட்டவனும் நான்தான். டைம் கீப்பர் மூன்றாம் நாள் இறந்தார்.

அந்த வாரமே துப்பாக்கி லைசென்சுக்கு மனுப் போட்டேன். போலீஸ் கச்சேரிக் குமாஸ்தா, "துப்பாக்கி எதற்காக?" என்று இங்கிலீஷில் கேட்டார். "பயத்துக்காக, ஐயா" என்று நானும் இங்கிலீஷிலேயே சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, "சொத்துப் பாதுகாப்பு" என்று எழுதிக்கொண்டார். ஏழு தடவை நடந்தேன். எட்டாம் தடவை சப் இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்டுவிட்டு இந்துஸ்தானியில் ஒரு வார்த்தை சொன்னார்.

"கொள்ளைக்காரனுக்கு உன் பானை சட்டி வேண்டாம். துப்பாக்கிதான் வேண்டும். அது களவு போனால் அவனைத் தேடுவதற்கு முன்னால் உன்னைப் பிடித்து உள்ளே வைப்பேன். வீட்டில் இருப்பதாக வெளியே மூச்சு விடாதே."

அதுவரை எனக்குக் கொள்ளைக்காரனிடம் மட்டும்தான் பயம். அன்றிலிருந்து போலீஸிடமும் சேர்ந்துகொண்டது. இரண்டுக்கும் நடுவே துப்பாக்கியிடம் வேறு பயம்.

3

முதலில் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். புரண்டு படுத்தால் வெடிக்கும் என்று தோன்றியது. அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். "உலை வைக்கிற இடத்துல இந்தச் சனியன் எதுக்கு?" என்றாள் மீனாட்சி. பரணில் வைத்தேன். எலி ஓடிய சத்தத்துக்கு நான் அலறியது தெருக்கோடி வரை கேட்டதாம்.

திலகத்துக்கு அப்போது பதினாறு வயது. தமிழ் அழகாக எழுதுவாள். தூக்கத்தில் பேசுவது பர்மியத்தில். என்னைச் சாதாரணமாக "அப்பா" என்பாள். கோபமோ அவசரமோ வந்தால் "அபே" என்று பர்மிய வழக்குக்குப் போய்விடுவாள். அவள் "அபே" என்றால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். துப்பாக்கி வந்த நாள் முதல் நான் அபே ஆகிவிட்டேன்.

"அபே, கொள்ளைக்காரங்க வந்தா இத எங்க ஒளிச்சு வெச்சோம்னு நீங்க தேடி முடிக்கறதுக்குள்ள அவங்க டீ போட்டுக் குடிச்சிட்டே போயிருவாங்க."

"அதுக்குத்தான் ஒரு பெட்டி வாங்கப் போறேன்."

"பெட்டிய எங்க ஒளிப்பீங்க?"

நியாயமான கேள்வி. சிரித்து மழுப்பினேன்.

4

டல்ஹௌசி தெருவில் பழைய இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார் காதர் மரைக்காயர். நாகூர்ப் பக்கத்துக்காரர். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"துப்பாக்கிக்கா? யாரைத் தம்பி சுடப்போறீங்க?"

"யாரையும் இல்ல பாய். நான் சாகாம இருந்தாப் போதும்."

"அப்ப சரி. வாங்க, காட்டுறேன்."

முதலில் சீமைக்குப் போய்விட்ட ஒரு துரையின் தேக்கு அலமாரி. முன்பக்கம் கண்ணாடி. உள்ளே துப்பாக்கிகள் சாய்ந்து நிற்கப் பச்சைத் துணி ஒட்டிய பள்ளங்கள். பார்க்க நேர்த்திதான். "துரை வீட்டுக்கு வாசல்ல சிப்பாய் நிப்பான். உங்க வீட்டு வாசல்ல யார் நிப்பா?" என்றார் மரைக்காயர். ஒரு கல்லெறிக்குத் தாங்காது. வேண்டாம்.

இரண்டாவது, இடுப்புயர இரும்புப் பெட்டி. கனமான கதவு. அடியில் நாலு துளை, தரையோடு சேர்த்து முடுக்குவதற்கு. அவர் அதைத்தான் தட்டித் தட்டிக் காட்டினார். "இத எடுத்துக்கங்க. குழலைத் தனியா, கட்டையைத் தனியா கழட்டி உள்ள வைக்கணும். எண்ணெய்த் துணி சுத்துங்க, மழைக்குத் துரு ஏறாது. தோட்டா மட்டும் வேற அறையில, வேற பூட்டுல. அவசரம்னு எடுத்து மாட்டித் தோட்டா போட்டு முடிக்கறதுக்குள்ள மனுஷனுக்குக் கோவம் ஆறிடும் தம்பி. அதுலதான் இருக்கு விஷயம்."

எனக்கு ஆற வேண்டியது கோபம் அல்லவே. மேலும், கழற்றினால் திரும்ப மாட்டத் தெரியாது. அந்த உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு மூன்றாவதைக் காட்டச் சொன்னேன்.

மூன்றாவது மூலையில் நின்றது. ஆளுயரம், கரும்பச்சை வர்ணம், பித்தளைக் கைப்பிடி. யாரோ நெல் வியாபாரி வீட்டில் இருந்ததாம். "இது உங்களுக்கு ஜாஸ்தி. இதுக்குள்ள நீங்களே நிக்கலாம்" என்றார் மரைக்காயர். நான் நின்றேன். கதவைச் சாத்தச் சொன்னேன். சாத்தினார். இருட்டு. நாலு பக்கமும் கனத்த இரும்பு. ரங்கூனில் நான் அவ்வளவு நிம்மதியாக இருந்ததே இல்லை. வெளியே வந்ததும், "இதுதான்" என்றேன்.

"சரி. ஆனா பார்வையில படாத இடத்துல வைங்க. பெட்டி இருக்குன்னு தெரிஞ்சாலே பாதிக் களவு முடிஞ்ச மாதிரி."

5

பெட்டியைக் கொண்டுவந்தது பொன்னன் மேஸ்திரியும் அவன் ஆட்கள் எட்டுப் பேரும். பொன்னன் ஆலையிலும் சுமை எடுப்பவன். எனக்குப் பத்து வருஷப் பழக்கம். கறுத்து, அகன்று, சிரித்த முகம். மாட்டுவண்டியிலிருந்து இறக்கும்போது "ஏலேலோ" பாடியதில் தெரு முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது.

எங்கள் வீடு தூண்மேல் நிற்கிற தேக்குப் பலகை வீடு. மாடியில்தான் படுக்கை. மாடிப்படியில் மூன்றாம் படி முறிந்தது. கயிறு அறுந்து பெட்டி பின்பக்கமாகச் சறுக்கியது. ஒருவன் கால் பெருவிரல் அதன் அடியில் கூழாயிற்று. அவன் போட்ட சத்தத்தில் வண்டிமாடுகள் மிரண்டன. பொன்னன் தன் தலைத்துணியைக் கிழித்து அவன் காலைக் கட்டிவிட்டு வந்து சொன்னான்:

"மாடி தாங்காதுண்ணே. இங்கயே கெடக்கட்டும்."

இங்கே என்றால் தெருவைப் பார்த்த கீழறை. சன்னல் வழியாகப் பித்தளைக் கைப்பிடி பளபளவென்று சிரித்தது.

இதோடு விட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்போம். ஆனால் இரும்புப் பெட்டி வீட்டுக்குள் வந்தால் லட்சுமி வந்ததாகத்தானே நம் கணக்கு? உள்ளே இருக்கப்போவது துப்பாக்கி என்று தெரிந்தும் மீனாட்சிக்குக் கை நிற்கவில்லை. பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள், மாலை போட்டாள், ஆரத்தி சுற்றினாள். சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெருவுக்கே கொடுத்தாள். அடுத்த வீட்டு டோ ஞுன், மொகிங்கா என்கிற மீன்சாற்றுச் சேவை விற்கும் பர்மியக் கிழவி, பொங்கலை நக்கிக்கொண்டே பெட்டியைச் சுற்றி வந்து, "கோ சபா, நீ பணக்காரன் என்று இத்தனை நாள் சொல்லவே இல்லையே" என்றாள். என் பெயர் சபாபதி; 'கோ' என்பது இங்கே ஆண்களுக்குப் போடும் மரியாதை. அவளுக்கு அரைப் பெயர் போதும்.

பொன்னன் இரண்டாம் தடவை பொங்கல் வாங்கிக்கொண்டு கேட்டான்: "அண்ணே, உள்ள என்னண்ணே வைக்கப்போறீங்க?"

வெளியே மூச்சு விடாதே என்று சப் இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். பழைய பாத்திரம் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்பது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்படி நின்றால் என் நாக்கு என் பேச்சைக் கேட்காது.

"குபேரன் தூங்குறான் பொன்னா. சத்தம் போடாத" என்று கண்ணைச் சிமிட்டினேன்.

ஒன்பது பேரும் சிரித்தார்கள். கால் நசுங்கியவன்கூடச் சிரித்தான். ஒரு தமாஷ் நன்றாக எடுபட்டால் நான் அதை லேசில் விடுகிறவன் இல்லை. பால்காரரிடம், நாவிதரிடம், ஆலை வாசலில் என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

6

ஆயுத பூசை வந்தது. துப்பாக்கி ஆயுதம் இல்லையா? பெட்டியிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்து, வாய் மேலே பார்க்க நிறுத்தினோம். இங்கே ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் தோட்டா இருந்தது. வாங்கிய மறுநாளே இரண்டு குழலிலும் போட்டுவிட்டேன். எப்படி வெளியே எடுப்பது என்பது மறந்துவிட்டது. அதனால் சாமியைப் போல அதைத் தொடாமல் கும்பிட்டு வந்தேன்.

நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், இரண்டு குழல் வாயிலும் ஆளுக்கொன்றாக ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. பத்தி ஆடாமல் நிற்பதற்காக மீனாட்சி மஞ்சளையும் சந்தனத்தையும் பிசைந்து உருண்டை பிடித்துக் குழலுக்குள் கட்டைவிரலால் அழுத்தி அடைத்திருந்தாள். தோட்டா உள்ள துப்பாக்கியின் வாய்க்குள் விரலை விட்டு!

"அடியே, என்ன பண்ணி வெச்சிருக்க!"

"ரெண்டு ஓட்டை சும்மாதான இருந்துச்சு?"

பூசை முடிந்ததும் உருண்டையைக் குத்தி எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்குக் குழல் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோக வேண்டும். நாளைக்கு என்றேன். திலகம் பக்கத்தில் நின்று பார்த்தாள். "அபே, அது காஞ்சு கல்லாயிடும்" என்றாள். துப்பாக்கியைக் குச்சியால் தள்ளாத குறையாகப் பெட்டிக்குள் நிறுத்திக் கதவைச் சாத்தினேன். சாவி மீனாட்சியின் இடுப்புக் கொத்துக்குப் போயிற்று.

7

அடுத்த ஞாயிறு மத்தியானம் மூன்று பேர் வந்தார்கள். மீனாட்சி டோ ஞுன் வீட்டில் இருந்தாள். நான் கீழறையில் சாப்பிட்ட மயக்கத்தில் கிடந்தேன். கண்ணைத் திறந்தபோது ஒருவன் திலகத்தின் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்து, 'தா'வைக் கழுத்தில் வைத்திருந்தான். மற்ற இருவர் கையிலும் அதே கத்தி. மூவரும் முகத்தில் துணி சுற்றியிருந்தார்கள். பர்மியத்தில் ஏதோ கேட்டார்கள்.

இருபத்தோரு வருஷப் பர்மியம் ஒரு சொல்கூட மிச்சமில்லாமல் போய்விட்டது. நான் தமிழில் கும்பிட்டேன். இந்துஸ்தானியில் அழுதேன். கழுத்தில் கத்தியோடு திலகம்தான் மொழிபெயர்த்தாள்.

"அபே, சாவி எங்கன்னு கேக்கறாங்க."

"அம்மாகிட்ட இருக்கு. உள்ளே தங்கம் இல்ல, துப்பாக்கிதான் இருக்குன்னு சொல்லும்மா."

சொன்னாள். அகன்ற தோள்காரன் ஒருவன், அவன்தான் தலைவன், கத்தியின் பின்பக்கத்தால் என் தோளில் அடித்தான். எலும்பு ஒடிந்த சத்தம் பல்லுக்குள் கேட்டது. ஒரு மாதம் தெருத்தெருவாகச் சொன்ன பொய்யை நம்பினார்கள். அன்றைக்கு உண்மையைச் சொன்னேன், அடித்தார்கள்.

சத்தம் கேட்டு மீனாட்சி வாசலில் வந்து நின்றாள். திலகத்தின் கழுத்தில் கத்தி லேசாக இழுபட்டது. ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. மீனாட்சி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கி வீசினாள்.

பெட்டியைத் திறந்தால் துப்பாக்கி அவர்கள் கையில். திறக்காவிட்டால் குழந்தை இல்லை. இப்போது உட்கார்ந்து எழுதும்போதுதான் இப்படி இரண்டாகப் பிரித்து எழுத வருகிறது. அப்போது நான் யோசிக்கவே இல்லை. ஒடிந்த தோளோடு தவழ்ந்துபோய் நானே திறந்தேன்.

குபேரனைக் காணோம். ஒரு துப்பாக்கி, ஒரு தோட்டாப் பெட்டி, எறும்பு வராத இடம் என்று மீனாட்சி கொண்டுபோய் வைத்திருந்த மாங்காய் ஊறுகாய் ஜாடி.

தலைவன் ஜாடியைத் தூக்கித் தரையில் அடித்தான். துப்பாக்கியை எடுத்தான். பழக்கமில்லாத கை. இடது கையால் குழலை நுனிவரை எட்டிப் பிடித்துக்கொண்டு என் நெஞ்சுக்கு நேரே நீட்டி ஏதோ கத்தினான். தங்கம் எங்கே என்றுதான் கேட்டிருப்பான். திலகம் அதை மொழிபெயர்க்கவில்லை.

"அபே, கண்ண மூடுங்க! படுங்க!" என்று அலறினாள்.

அவன் இரண்டு விசையையும் சேர்த்து இழுத்தான்.

அதற்குமுன் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. கண்ணைத் திறந்தால் அறை முழுக்க மஞ்சள் வாசனை. குழல் இரண்டும் வாழைப்பூ மாதிரி விரிந்து கிழிந்திருந்தன. அவன் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன. இடையில் இருந்த மூன்றும் சுவரில், ஊறுகாயில், எங்கேயோ. துணி எரிந்து முகத்திலிருந்து நழுவியது.

"ஐயோ அம்மா! என் கை! ஐயோ அண்ணே!" என்று தமிழில் அலறினான் பொன்னன்.

திலகத்தைப் பிடித்திருந்தவன் திகைத்துத் திரும்பிய அதே நேரத்தில் டோ ஞுன் கொதிக்கிற மீன்சாற்றுப் பானையோடு உள்ளே வந்து, அவன் முதுகில் மொத்தமாகக் கவிழ்த்தாள். தோல் துணியோடு சேர்ந்து உரிந்தது. திலகம் உருவிக்கொண்டு ஓடினாள். மூன்றாமவன் தெருவில் குதித்தான். தெருக்காரர்கள் படகுத் துறை வரை துரத்திப் பிடித்தார்கள். துடுப்பாலும் கல்லாலும் அடித்தார்கள். போலீஸ் வந்து மீட்டபோது அவனுக்கு முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவனும் தமிழன்தான். முன்பு என் படியில் கால் நசுங்கியவன். இன்னும் நொண்டிக்கொண்டு ஓடினானாம்.

துப்பாக்கி வாங்கிய நாள் முதல் நான் கனவில் எத்தனையோ பேரைச் சுட்டிருக்கிறேன். அதில் ஒரு முகம்கூட இவர்கள் முகமாக இருந்ததில்லை.

பிறகொரு நாள் கட்டு மாற்றும்போது திலகம் சொன்னாள்: "அவன் பேசின பர்மீஸ்லயே நம்ம ஆளுன்னு தெரிஞ்சுதுப்பா."

"ஏம்மா சொல்லல?"

"கத்தி யாரோடதுன்னு கழுத்துக்கு என்ன தெரியும்?"

8

விசாரணை நாலு மாதம் நடந்தது. குழலை வேண்டுமென்றே அடைத்து வைத்தீரா என்பது என்னிடம் முதல் கேள்வி. ஆமென்றால் நான் பொறி வைத்தவன். இல்லையென்றால் துப்பாக்கி வைத்துக்கொள்ள லாயக்கில்லாதவன். மீனாட்சி கூண்டில் ஏறி, "சாமிக்கு வெச்சதுங்க" என்றாள். துபாஷி அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கொஞ்சநேரம் கூரையைப் பார்த்தார். வெடித்ததற்குக் காரணம் "வழிபாடு" என்று பதிவாயிற்று. லைசென்சு ரத்து. கிழிந்த குழலை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.

தீர்ப்பு நாளில் தாழ்வாரத்தில் பொன்னன் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தான். கட்டுப்போட்ட கையை மடியில் குழந்தை மாதிரி வைத்திருந்தான். நான் கடந்து போகப் பார்த்தேன். கூப்பிட்டான்.

"அண்ணே, நெசமாவே உள்ள ஒண்ணும் இல்லியா?"

"இல்ல பொன்னா."

"நீங்கதானண்ணே சொன்னீங்க, குபேரன் தூங்குறான்னு."

மகள் கழுத்தில் கத்தி வைக்க ஆள் கூட்டிவந்தவன். அவனை நான் திட்ட வேண்டும். குனிந்து, அவன் கையில் அவிழ்ந்திருந்த கட்டின் முனையைச் செருகிவிட்டு நடந்தேன்.

பெட்டி இன்னும் கீழறையில்தான் நிற்கிறது. தூக்க ஆள் கூப்பிட எனக்குத் தைரியமில்லை. கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டேன். புது ஊறுகாய் ஜாடி உள்ளே உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் புது விறகு வண்டிக்காரர் ஒருவர் விறகு இறக்க வந்தார். திண்டுக்கல் பக்கமாம். பெட்டியைப் பார்த்து, "அடேயப்பா! உள்ளாற என்னங்க?" என்றார்.

"ஊறுகாய்" என்றேன்.

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து, அவர் கையைப் பிடித்துப் பெட்டிக்குள் இழுத்துவிட்டேன். நாலு மூலையையும் தடவச் சொன்னேன். ஜாடியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"தின்னுங்க. என் எதிர்லயே தின்னுங்க. தின்னுட்டுப் போய்த் தெரு முழுக்கச் சொல்லுங்க."

மனிதர் பயந்துபோய் வாயில் போட்டு மென்றார். "உப்பு கொஞ்சம் தூக்கலுங்க" என்றார்.

உள்ளே திலகம் சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு. வாய்விட்டுச் சிரித்தால் கழுத்துத் தழும்பு இழுக்கும், அதனால் அதை ஒரு கையால் பொத்திக்கொண்டு சிரிப்பது கதவிடுக்கில் தெரிந்தது. நான் தமாஷ் ஒன்றும் சொல்லவில்லை. விறகுக்காரருக்கு இன்னொரு துண்டு எடுத்துக் கொடுத்தேன்.